உண்ணும் வித்தும் ஊன்றும் வித்தும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கு நோக்கி வரும் மின்தொடர் வண்டி, குரோம்பேட்டையைக் கடந்ததும் ஒரு நிலையத்தில் நிற்கிறது. அதன் பெயர் தாம்பரம் சானடோரியம். நாள்தோறும் அதனைக் கடந்து செல்லும் நம்மில் பலர் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராகப் பணியாற்றிப் பெயர் பெற்ற டாக்டர் டேவிட் சௌரிமுத்து, 1928ஆம் ஆண்டில் பச்சைமலையின் அடிவாரத்துக் காட்டில் 12 படுக்கைகளோடு தொடங்கிய நலவிடுதியின் பெயர் அது. 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அந்நாளில் காசநோயைக் கொல்லும் மருந்து எதுவும் உலகில் இல்லை. தூய காற்று, இளவெயில், ஓய்வு, நல்லுணவு என்னும் நான்கே மருத்துவம். ஆக, நம் ஊரின் ஒரு புகைவண்டி நிலையம், உணவையே மருந்தாக நம்பியிருந்த ஒரு காலத்தின் நினைவுச்சின்னமாக நிற்கிறது எனலாம்.

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென நண்பர்கள் பணித்தபோது, எடுத்துக்கொண்ட பொருள் விதை. கவிஞர் நிறைந்த அவையில் விதையைப் பற்றிப் பேசுவது எளிதன்று. விதையை உவமையாக்காத கவிஞர் எவரும் இலர். ஆயினும் உவமையாவதற்கு முன்னர் அது உணவு. அதை உண்டவர் யார், உண்ணாது மாண்டவர் யார், உண்ணாமல் காத்து மண்ணில் ஊன்றியவர் யார் என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் செய்தி.

சொல்லில் விதை

தமிழில் விதையைக் குறிக்கும் சொற்கள் பல. அவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல என்பதை மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் எடுத்துக் காட்டியுள்ளார். நெல் முதலியவை கூலம், உளுந்து முதலியவை பயறு, கத்தரியின் உள்ளிருப்பது விதை, புளியினது காழ், வேம்பினதும் ஆமணக்கினதும் முத்து, மாவினதும் பனையினதும் கொட்டை. வடிவும் வன்மையும் நோக்கி இவ்வாறு பெயரிட்ட மக்கள், ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, கடித்து, இடித்து, அவித்துப் பார்த்தவர்களாகவே இருந்திருத்தல் வேண்டும். பெயரின் நுட்பம் பழக்கத்தின் ஆழத்தைக் காட்டுகிறது.

எண்ணெய் என்ற சொல்லைப் பாருங்கள். எள்ளின் நெய் எதுவோ அதுவே எண்ணெய். இன்று கடலையிலிருந்தும் தேங்காயிலிருந்தும் எடுப்பதற்கும், ஏன், மண்ணின் அடியிலிருந்து எடுப்பதற்கும்கூட அச்சிறு விதையின் பெயரையே இட்டு வழங்குகிறோம். அளவைக்கும் விதையே துணை நின்றது. தினையளவு நன்றியைப் பனையளவாகக் கொள்வதையும், எள்ளின் பிளவளவே ஆயினும் உட்பகை கேடு தருவதையும் வள்ளுவர் கூறும்போது, கேட்போர் கண்முன் வீட்டு முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த விதைகளே தோன்றியிருக்கும். பொற்கொல்லர் நிறுத்த குன்றிமணியும் மஞ்சாடியும் விதைகளே. இவற்றுள் குன்றி கொடிய நஞ்சுடையது. எதை உண்பது, எதை நிறுக்க மட்டும் பயன்படுத்துவது என்று அறிந்ததும் நாகரிகத்தின் ஒரு படியே.

மண்ணில் விதை

நம் பகுதிக்கு மிகப் பழைய வரலாறு உண்டு. 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூசு ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் கண்டெடுத்த கைக்கோடரியே இந்தியாவின் பழங்கற்கால ஆய்வைத் தொடங்கி வைத்தது. அக்கோடரியை ஏந்தியவர்கள் வேட்டையாடியதோடு காட்டு விதைகளையும் கிழங்குகளையும் உண்டிருப்பர் என்பது இயல்பான ஊகமே. ஆனால் கல் நின்றது, விதை நிற்கவில்லை. விதை தொல்லியலுக்குக் கிடைக்க வேண்டுமாயின் ஒன்று அது கருகியிருக்க வேண்டும். அன்றேல் ஈமத்தாழிக்குள் காக்கப்பட்டிருக்க வேண்டும். அடுப்பில் தவறி விழுந்து கரிந்த மணியும், இறந்தோர்க்குப் படைக்கப்பட்ட மணியுமே வரலாறாகின்றன.

திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் புதிய கற்கால மக்கள் விட்டுச்சென்ற கொள்ளும் பச்சைப்பயறும் கேழ்வரகும் கருகிய நிலையில் கிடைத்துள்ளன. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது தாழிகளிலிருந்த கலங்களில் நெல், சிறுதானியம் ஆகியவற்றின் உமி காணப்பட்டது. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. இராசன் நடத்திய அகழாய்வில், ஈமச்சின்னம் ஒன்றனுள் நான்கு கால்களையுடைய சாடி ஒன்றில் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. சிவகளைத் தாழியொன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் தமிழக அரசு அறிவித்தது.

இச்சான்றுகளில் ஒரு செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. பையம்பள்ளியின் பட்டியலில் கூலமும் பயறும் சேர்ந்தே உள்ளன. சோறும் பருப்பும் என்ற இணை, அறிவியல் அதற்குக் காரணம் கூறுவதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே நம் அடுப்பில் ஏறிவிட்டது.

பாட்டில் விதை

தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் ஒரு காட்சி, உணவு வரலாறு எழுதுவோர் தவறவிடக் கூடாதது. எயினர் குடிப் பெண்கள் இரும்பு முனையுடைய கோலால் கரம்பை நிலத்தைக் கிளறி, நுண்ணிய புல்லரிசியை வாரி எடுக்கின்றனர். அது அவர்கள் விதைத்ததன்று. எறும்புகள் வளையில் சேர்த்து வைத்தது என உரையாசிரியர் விளக்குவர். விளாமர நிழலில், நிலத்திலேயே குழித்த உரலில் அதனைப் பெய்து குற்றி, தோண்டிய கிணற்றின் உவர்நீர் ஊற்றி, உடைந்த அடுப்பில் விளிம்பு சிதைந்த பானையை ஏற்றிச் சமைக்கின்றனர். பாணனுக்கும் அதுவே விருந்து. எறும்பின் சேமிப்பை எடுத்து உண்ணும் வறுமையிலும் வழிப்போக்கனுக்குப் பங்குண்டு. அக்காட்சி நிகழ்ந்த நாடு வேறெதுவுமன்று, நம் நாடே.

புறநானூற்றிலும் விதை பல இடங்களில் வருகிறது. பறம்பு மலையின் வளம் கூறும் கபிலர், மழை பொழியினும் பொழியாது போயினும் கொள் விதைக்க உழுத நிலத்தில் அருவி பாயும் என்கிறார். கொள் வானம் பார்த்த பூமியின் பயிர். அதனை வளத்தோடு இணைத்தது கபிலரின் நுட்பம்.

வேறிரு பாடல்கள் நெஞ்சைச் சுடுவன. ஒக்கூர் மாசாத்தனார் பாடலில், கணவனை இழந்த ஒருத்தி சிறிய வெள்ளாம்பலைப் பார்த்து இரங்குகிறாள். இளமையில் அதன் தழை அவளுக்கு உடையாயிற்று. இன்று பொழுது தவறி உண்ணும் துயர உணவாக அதன் விதையே அரிசியாயிற்று. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயும் வேளையில் சான்றோரை நோக்கிக் கூறும் பாட்டில், கைம்மை நோற்போரின் உணவு விரிகிறது. வெள்ளரி விதை போன்ற வெண்ணிற நெய்யைத் தீண்டாது, பிழிந்தெடுத்த சோற்றுத்திரளை, வெள்ளெள் துவையலோடும் புளியிட்டு வெந்த வேளைக்கீரையோடும் உண்பர். பாயின்றிப் பரற்கல் மேல் படுப்பர். அவ்வாழ்வை வேண்டாது அவள் எரியைத் தேர்ந்தாள்.

இன்றைய உணவியலார் அந்த எள்ளையும் கீரையையும் பார்த்தால் நல்லுணவு என்றே கூறுவர். எனினும் அது தண்டனையாக இருந்தது. உணவின் மதிப்பு அதன் சத்தில் மட்டும் இல்லை. அது விரும்பி ஏற்றதா, விதிக்கப்பட்டதா என்பதிலும் உள்ளது. முன்னோர் உணவனைத்தும் பொன்னுணவு என்று போற்றிப் பேசும் நாம் இதனையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

குன்றத்தூர் தந்த கதை

தாம்பரத்துக்கு அண்மையிலுள்ள குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். சோழப் பேரரசின் அமைச்சராக விளங்கிய அப்பெருமகனார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணத்தில், விதையைப் பற்றிய தமிழின் ஆகச் சிறந்த கதை இருக்கிறது என்பது அடியேனின் கருத்து. அது இளையான்குடி மாறனார் வரலாறு.

அடியார்க்கு உணவளித்தே செல்வமெல்லாம் தீர்ந்தபின், மழை கொட்டும் ஓர் இரவில் மாறனார் வீட்டு வாயிலில் ஒருவர் வந்து நிற்கிறார். வீட்டில் ஒருபிடி அரிசியும் இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த நெல்முளையை வாரி வந்தால் சமைக்கலாம் என்று மனைவியார் வழி கூறுகிறார். இருளில் கூடையைத் தலைமேற் கவிழ்த்து, காலாலே வழி தடவிச் சென்று, மழைநீரில் மிதந்த முளைகளை அவர் வாரி வருகிறார். விறகில்லை, கூரையின் வரிச்சை அறுத்து வீழ்த்துகிறார். மனைவியார் நனைந்த நெல்லை வறுத்துக் குற்றிச் சோறாக்கி, கொல்லைக் குழியில் நின்ற கீரையைக் கறியாக்குகிறார்.

இக்கதையின் அழுத்தம் உழவர் குடியில் பிறந்தோர்க்குச் சட்டென விளங்கும். விதைநெல்லை உண்பது அடுத்த ஆண்டை உண்பதாகும். வறட்சியிலும் விதைநெல் கோட்டையைத் தொடாது பட்டினி கிடந்த குடும்பங்களின் கதைகள் செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்தோறும் உண்டு. மாறனார் கொடுத்தது அன்றைய உணவன்று. வரவிருந்த ஓராண்டு முழுவதையும். விருந்தினரை உண்பித்து எஞ்சியதை உண்பவன் நிலத்துக்கு வித்தும் இட வேண்டுமோ என்று வள்ளுவர் எழுப்பிய வினாவுக்குச் சேக்கிழார் ஒரு மழையிரவைக் கொண்டு விடை எழுதினார் எனத் தோன்றுகிறது.

அடுக்களை அறிவு

விதை ஏன் சத்துடையது? ஒரு செடி தன் குழந்தைக்குக் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அது. வேர் ஊன்றி இலை விரியும் வரை தேவைப்படும் மாவும் புரதமும் கொழுப்பும் கனிமங்களும் அதனுள் உள்ளன. நாம் அக்கட்டுச்சோற்றை இடைமறித்து உண்கிறோம், அவ்வளவே.

நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் உண்டு. அதே அளவு துவரையிலும் கொள்ளிலும் ஏறத்தாழ 22 கிராம், பச்சைப்பயறில் 24 கிராம். அரிசியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. கேழ்வரகிலோ 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம். எள்ளில் பாதியளவுக்குக் கொழுப்பும் 18 கிராம் அளவுக்குப் புரதமும் உள்ளன. கூலங்களில் லைசின் என்னும் புரதக்கூறு குறைவு. பயறுகளில் அது மிகுதி. பயறுகளில் குறைவான மெத்தியோனின் கூலங்களிலும் எள்ளிலும் கிடைக்கிறது. சோற்றோடு பருப்பையும், இட்டலிக்கு அரிசியோடு உளுந்தையும், பொங்கலுக்குப் பச்சைப்பயற்றையும் சேர்த்த கைகள் இவற்றின் பெயர் அறியா. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புவதை உடல் அறிந்து பழகியது.

கட்டுச்சோற்றுக்குப் பூட்டும் உண்டு. விதை தன் பாசுபரத்தைச் சேமித்து வைக்கும் ஃபைட்டேட் என்ற பொருள், இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு நம் குடல் ஏற்காதவாறு செய்யும். எள்ளின் தோலிலுள்ள ஆக்சலேட் அதன் சுண்ணாம்பைக் கட்டிப் போடும். பச்சைப் பயறுகளில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் உள்ளன. பூட்டைத் திறக்கும் திறவுகோல்கள் நம் பாட்டிமாரின் அன்றாட வேலைகளே: ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல், வறுத்தல், தோல் நீக்குதல், அவித்தல். முளைகட்டும்போது உலர்விதையில் இல்லாத உயிர்ச்சத்து சி தோன்றுகிறது, ஃபைட்டேட் குறைகிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவைக் காய்ச்சினால் கூழ் கெட்டியாகாமல் நெகிழ்ந்து நிற்கும். முளைவிடும்போது தோன்றும் நொதி மாவுப்பொருளை உடைப்பதே காரணம். ஆகவே சிறு வயிறுடைய குழந்தை, நீர்த்த கூழைக் குடிப்பதைவிடக் கூடுதலான மாவைச் சில கரண்டிகளிலேயே பெறுகிறது.

அன்றாடப் பயன்களை அடுக்கினால் மலரின் பக்கம் போதாது. தாளிப்பில் வெடிக்கும் கடுகும் வெந்தயமும், நவராத்திரியில் நாளுக்கொன்றாக மாறும் சுண்டல், எள்ளுருண்டை, சளிக்குக் கொள்ளு இரசம், குழம்பில் பலாக்கொட்டை, செக்கில் எள்ளாட்டியபின் மாட்டுக்குப் புண்ணாக்கு. பனையை மட்டும் எண்ணுவோம். கோடைக்காலத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் விற்கும் நுங்கு, முதிராத பனைவிதை. அதே விதை முதிர்ந்து மண்ணில் புதைந்து முளைவிட்டால் தைப்பொங்கலுக்குப் பனங்கிழங்கு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை அறியாதார் இலர். மருத்துவர் அதற்கு வேறு விளக்கம் தரலாம். எனினும் உடலறிந்து உணவு தெரிய வேண்டும் என்னும் அதன் கருத்து பிழையன்று.

அடுக்களையிலுள்ள யாவும் தொன்மையானவை என்று கருதவும் வேண்டா. நிலக்கடலை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் பரவி, புதுச்சேரித் துறையிலிருந்து பிரான்சின் மார்சேல் நகருக்குக் கப்பலேறியது. வந்தவற்றையும் தமதாக்கிக்கொள்வது விதைகளுக்கும் மொழிகளுக்கும் பொது இயல்பு.

தாது வருடம்

1876இல் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நாவில் நின்ற அக்கொடுமையில், சென்னை மாகாணத்தில் மட்டும் 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது கணிப்பு. பஞ்சம் நிலவிய அக்காலத்திலும் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாயிற்று.

1877இன் தொடக்கத்தில், செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் அதற்குமேல் ஓர் அணாவும் போதும் என வரையறுத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். நாள் முழுதும் மண் சுமப்பவனுக்கு அது. மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என வாதாடினார். முகாம்களில் உடல் மெலிந்து மடிவோரைக் கண்டு எழுந்த வாதம் அது. சில திங்களுக்குப்பின் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர் மீளவில்லை.

அப்பஞ்ச நிவாரண வேலையில்தான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. இன்று சாக்கடையாய்த் தேங்கி நிற்கும் அக்கால்வாயைக் கடக்கும்போது, அதனை வெட்டிய கைகளுக்கு மறுக்கப்பட்ட ஒரு பிடி பருப்பை நினைத்தல் தகும். பருப்பு தேவையா இல்லையா என்பதை ஓர் அரசு ஆவணங்களில் வழக்காடிய முதல் தருணங்களுள் ஒன்று, நம் மாகாணத்தில், நம் மக்களின் உடலின்மேல் நடந்தது.

குன்னூரும் தாம்பரமும்

1918இல் நீலகிரிக் குன்னூரில் ஒற்றை அறையில் ஓர் ஆய்வு தொடங்கியது. இராபர்ட் மக்கரிசன் நடத்திய அந்த பெரிபெரி ஆய்வே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து அவர் ஒப்பிட்டார். கோதுமையும் பருப்பும் பாலும் காயும் கூடிய பஞ்சாபிய உணவு முதலிடம் பெற்றது. அரிசியையே பெரிதும் சார்ந்த சென்னை மாகாண உணவு கடைநிலையில் நின்றது.

அவருக்குப்பின் வந்த அக்ராய்டு, பெரிபெரி ஏன் வடசர்க்கார் கடற்கரையில் மிகுந்தும் தமிழ்ப் பகுதிகளில் அரிதாகவும் உள்ளது என்ற வினாவுக்கு விடை கண்டார். தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து பி1 அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் பெரும்பகுதி நிற்கிறது. ஒரு விதையை அவித்துக் காயவைக்கும் பழக்கம் ஒரு கொடுநோயைத் தடுத்து நின்றது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் அமைந்தது. சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அது வளர்ந்துள்ளது. அம்மையம் 1959இல் வெளியிட்ட ஆய்வு உலக மருத்துவ வரலாற்றைத் திருப்பியது. நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நலவிடுதியிலும் மறு பிரிவினரைத் தம் குடிசைகளிலும் வைத்து ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். நலவிடுதியில் ஓய்வும் நல்லுணவும். வீட்டிலோ நெரிசலும் அரைவயிற்றுச் சோறும். ஆயினும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்தனர். குணமாக்குவது மருந்தே, உணவு முதன்மையன்று என்று உலகம் கற்றுக்கொண்டது. மேலைநாடுகளில் நலவிடுதிகள் மூடப்பட்டன. ஏழை நோயாளி வேலையையும் வீட்டையும் விட்டு ஓராண்டு பிரிய வேண்டிய தேவை ஒழிந்தது. அது பெரும் விடுதலை.

ஆயின் அவ்விடுதலையோடு உணவைப் பற்றிய அக்கறையும் நெடுநாள் உறங்கிவிட்டது. அதனை எழுப்பியது ஜார்க்கண்டு மாநிலத்தில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு. சென்னை நிறுவனமும் அதில் பங்கேற்றது. 2,800 காசநோயாளரின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேர் அதில் இடம்பெற்றனர். நோயாளர் அனைவர்க்கும் உணவுதவி கிடைத்தது. குடும்பத்தாரில் ஒரு பிரிவினர்க்கு மட்டும் ஆளொன்றுக்குத் திங்கள்தோறும் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் நுண்ணூட்ட மாத்திரைகளும் தரப்பட்டன. பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது.

இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. வந்த நோயை மருந்து தீர்க்கும் என்றது முதலாவது. வராமற் காப்பதில் சோறும் பருப்பும் துணை நிற்கும் என்றது இரண்டாவது. சௌரிமுத்து நம்பியதில் பாதி உண்மையே. கார்னிஷ் கேட்ட பருப்புக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப்பின் சான்று கிடைத்தது.

பந்தியில் பருப்பு

தமிழகம் இவ்வுண்மையை ஓரளவு முன்னமே உணர்ந்திருந்தது. 1920இல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளித்தது. 1956இல் காமராசர் பள்ளி மதிய உணவை மாநிலமெங்கும் கொண்டுசென்றார். 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். அங்கன்வாடிகளில் சத்துமாவு, பள்ளியில் அவித்த பயறும் கடலையும், 2022 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் மதுரையில் தொடங்கிவைத்த காலையுணவு என அந்நெறி தொடர்ந்தது. சோறு மட்டும் போதாது, பயறும் வேண்டும் என்பது இங்கு அரசியல் கொள்கையாகவே ஆனது. ஒரு மன்னன் பாணனுக்களித்த விருந்தைப் பாட்டுடைத்தலைவனாக்கிப் பாடிய மொழியில், இலட்சக்கணக்கான குழந்தைகள் நாள்தோறும் உண்ணும் இப்பந்தியைப் பற்றிய நெடும்பாட்டு இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. கவிஞர்கள் சிந்திக்க வேண்டும்.

நிறைவாக

சேலையூரும் செம்பாக்கமும் இராசகீழ்ப்பாக்கமும் முடிச்சூரும் ஒரு காலத்தில் ஏரிப்பாசனத்து நெல்லூர்கள். இன்று வயல்கள் மனைகளாயின. 2021இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆயிற்று. உண்ணும் வித்து நம் கடைகளில் குவிந்து கிடக்கிறது. ஊன்றும் வித்து நம் கைகளை விட்டு நீங்கிவிட்டது. குதிரும், சாம்பலிட்ட சுரைக்குடுவையும், செம்மண் கட்டிக் காயவைத்த துவரையும் நம் பிள்ளைகளுக்கு அருஞ்சொற்பொருள் அட்டவணையில் சேர்க்க வேண்டியவை ஆகிவிட்டன.

ஆயினும் வழி அடைபடவில்லை. நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளைத் தேடி மீட்டு, 2018இல் மறையும்வரை உழவர்க்கு வழங்கி வந்தார். அவர் வைத்த விதி எளிது: 2 கிலோ விதை பெறுபவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். கடன் பெருகினால் வருந்தும் உலகில், பெருகப் பெருக அனைவரும் மகிழும் கடன் அது.

அவ்விதியை நம் வட்டமும் ஏற்கலாமே. பதினோராம் ஆண்டின் முதற் கூட்டத்தில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு பிடி அவரை விதை. மாடியிலோ கொல்லையிலோ ஊன்றி, காய்த்து முற்றியபின் இரு பிடியாகத் திருப்பித் தருவது. இன்னொன்றும் வேண்டுகிறேன். காசநோயாளருக்குத் திங்கள்தோறும் உணவுப்பொருள் வழங்கப் பொதுமக்கள் முன்வரும் முறை 2022இலிருந்து நடைமுறையில் உள்ளது. சானடோரியத்தின் பெயரைத் தன் நிலையத்தில் தாங்கிய ஊரின் இலக்கிய வட்டம், ஒரே ஒரு நோயாளியையேனும், அவர்தம் வீட்டாரையும் சேர்த்து, அரிசியோடும் பருப்போடும் பேணுமாயின், அது இம்மலரைவிட மணக்கும்.

நம் மாதக் கூட்டங்களில் பாட்டரங்கம் முடிந்ததும் சுண்டல் வரும். அடுத்தமுறை அப்பொட்டலத்தைக் கையில் வாங்கும்போது சற்று நின்று நோக்குவோம். எறும்பு வளையைக் கிளறிய எயினர் பெண்ணும், மழையில் முளை வாரிய மாறனாரும், கால்வாயில் மண் சுமந்து மடிந்த பெயரறியாதோரும் அதனுள் இருக்கின்றனர். உண்போம், ஒரு பிடியை ஊன்றவும் வைப்போம்.